உயரத்திலும் வெயிலிலும் குளுக்கோமீட்டர்: படைவீரருக்கு எது பொருந்தும்?

மருந்துக் கடையில் குளுக்கோமீட்டர் கேட்டால் கடைக்காரர் எடுத்து வைக்கும் பெட்டியின் முகப்பில் 'ஐந்தே விநாடி', 'ஒரே துளி' என்றுதான் இருக்கும். சீருடையில் இருப்பவருக்கு வேண்டிய எண்கள் அங்கே இருக்காது. ஸ்ட்ரிப் டப்பாவோடு மடித்து வைத்த தாளில், பொடி எழுத்தில், கடைசிப் பக்கத்தில் இருக்கும். எத்தனை டிகிரி குளிர் வரை வேலை செய்யும், எவ்வளவு உயரம் வரை, ரத்தத்தில் சிவப்பணு எந்த அளவுக்குள் இருந்தால், எந்த நொதியை வைத்து அளக்கிறது என்ற நான்கும்தான் அவை. சென்னையில் வீட்டில் உட்கார்ந்து சோதிப்பவர் இவற்றைப் படிக்காமலேயே காலம் தள்ளிவிடலாம். லடாக்கின் லேயிலோ ராஜஸ்தானின் ஜெய்சல்மேரிலோ பணியில் இருப்பவர் படித்தே ஆக வேண்டும்.

இந்திய மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மூன்று குளுக்கோமீட்டர்களையும், கையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சென்சாரையும் அந்த நான்கு எண்களை வைத்து இங்கே எடை போட்டிருக்கிறோம். அக்யூ-செக் ஆக்டிவ், ஒன்டச் செலக்ட் பிளஸ் சிம்பிள், கான்டூர் பிளஸ், ஃப்ரீஸ்டைல் லிப்ரே ஆகியவையே அவை.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். குளுக்கோமீட்டர் நோயைக் கண்டறியும் கருவி அல்ல. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று சொல்ல ஆய்வகச் சோதனைதான் வேண்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125, குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் என்பவை அதற்கான எல்லைகள். மீட்டருக்கான ஐ.எஸ்.ஓ. 15197:2013 தரம் கேட்பதே இவ்வளவுதான்: நூறு அளவீட்டில் 95, ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 100க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். உண்மையில் 110 இருப்பவருக்கு நல்ல மீட்டரே 95 என்றும் காட்டலாம், 126 என்றும் காட்டலாம். எனவே '112 காட்டுதே, எனக்கு வந்துவிட்டதா' என்று மீட்டரிடம் கேட்பதில் பயனில்லை. எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது, நடந்தால் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு மீட்டர் நன்றாகவே பதில் சொல்லும். முந்தைய நிலையில் இருப்பவருக்கு அந்தப் பதில்தான் தேவை.

உயரத்தில் நடப்பதைப் பார்ப்போம். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறையும். சில வாரங்கள் தங்கினால் உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கைச் சொல்லும் ஹெமடோக்ரிட், சமவெளியில் ஆண்களுக்கு 40 முதல் 50 வரை இருப்பது, 55ஐயும் தாண்டலாம். ரத்தம் கெட்டியானால் ஸ்ட்ரிப்புக்குள் பிளாஸ்மா பரவுவது குறைந்து, சர்க்கரை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியை நம்பும் ஸ்ட்ரிப்புகளுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. அந்த வேதிவினையில் ஆக்சிஜனும் எலெக்ட்ரானுக்குப் போட்டியிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் போட்டி குறைந்து, சர்க்கரை உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். மலை நோய்க்காக ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருப்பவரிடம் அதே ஸ்ட்ரிப் மறுபக்கம் சாய்ந்து குறைத்துக் காட்டும். ஆக, உயரத்தில் ஒரே ஆளிடம் இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது.

ஒன்டச் செலக்ட் பிளஸ் சிம்பிள் இந்தக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வகையைச் சேர்ந்தது. பயன்படுத்த மிக எளிது. பொத்தானே கிடையாது. ஸ்ட்ரிப்பைச் செருகினால் தானே இயங்கும். அளவு கூடினாலும் குறைந்தாலும் ஒலி எழுப்பிச் சொல்லும். பணி முடித்து வீடு வந்த வயதான முன்னாள் வீரருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் இதன் உயர எல்லை 3,048 மீட்டர், ஹெமடோக்ரிட் எல்லை 30 முதல் 55, வெப்பநிலை 10 முதல் 44 டிகிரி. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கும் வெலிங்டன் 1,850 மீட்டரை ஒட்டியது. அங்கே தொல்லை இல்லை. கார்கில் நகரமும் எல்லைக்குள் வரும். அருணாசலத்தின் தவாங் அந்த 3,048 மீட்டரை ஒட்டியே நிற்கிறது. 3,500 மீட்டரில் இருக்கும் லே எல்லைக்கு வெளியே. குளிர்காலத்தில் 10 டிகிரி என்பது லடாக்கில் கூடாரத்துக்குள்ளேயே கிடைக்காது.

அக்யூ-செக் ஆக்டிவ் நிறமாற்றத்தை ஒளியால் படிக்கும் பழைய முறையில் இயங்குவது. எல்லை 4,000 மீட்டர், வெப்பநிலை 8 முதல் 42 டிகிரி. மற்ற மீட்டர்களில் இல்லாத ஒரு நல்ல வசதி இதில் உண்டு. ஸ்ட்ரிப்பின் பின்புறத்தில் சின்ன வட்டம் ஒன்று இருக்கும். ரத்தம் விட்ட பிறகு அதன் நிறத்தை டப்பாவில் அச்சிட்ட நிறக்கட்டங்களோடு ஒப்பிடலாம். திரையில் 90 என்று வந்து, வட்டம் அடர் நீலமாக இருந்தால் ஏதோ தவறு என்று கண்ணே சொல்லிவிடும். எம்.ஐ. அறையில் (படைப்பிரிவின் மருத்துவப் பரிசோதனை அறை) ஒருவருக்குப் பின் ஒருவராகப் பார்க்கும் நர்சிங் அசிஸ்டென்ட்டுக்கு இது பெரிய துணை. குறையையும் சொல்ல வேண்டும். இதற்கு 1 முதல் 2 மைக்ரோலிட்டர் ரத்தம் வேண்டும். குளிரில் விறைத்த விரலிலிருந்து அவ்வளவு எடுப்பது பாடு. பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறையும். ஒளியால் படிப்பதால், ஸ்ட்ரிப் நுழையும் இடத்தில் தூசியோ காய்ந்த ரத்தமோ படிந்தாலும் பிழை வரும். ராஜஸ்தான் மணலில் இது அடிக்கடி நேரும். அந்த மூடியைக் கழற்றி, லேசாக ஈரம் தொட்ட பஞ்சால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும்.

உயரப் பகுதிக்கு நாங்கள் தேர்ந்தெடுப்பது கான்டூர் பிளஸ். அதன் தாளில் உள்ள எல்லை 6,301 மீட்டர். சியாச்சினின் மிக உயர்ந்த சில சாவடிகளைத் தவிர மற்ற எல்லாப் பணியிடமும் இதற்குள் அடங்கும். ஹெமடோக்ரிட் 0 முதல் 70 வரை ஏற்கும். நொதி எஃப்ஏடி-ஜிடிஹெச், ஆக்சிஜனை இது பொருட்படுத்தாது. 0.6 மைக்ரோலிட்டர் ரத்தமே போதும். முதல் தடவை ரத்தம் போதவில்லை என்றால் 30 விநாடிக்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு துளி சேர்க்கலாம். கை நடுங்கும் குளிரில் இந்த ஒரு வசதியே எத்தனையோ ஸ்ட்ரிப்பைக் காப்பாற்றும். வெப்பநிலை எல்லை 5 முதல் 45 டிகிரி. இதே குடும்பத்தில் ப்ளூடூத் வைத்த மாதிரியும் உண்டு. செல்போனும் ப்ளூடூத்தும் தடை செய்யப்பட்ட இடங்கள் படையில் ஏராளம் என்பதால் சாதாரண மாதிரியே போதும். எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் கான்டூரும் 5 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் சட்டைக்கு உட்புறம், உடல்சூடு படும் பையில் வைத்திருங்கள். மேல்கோட்டின் வெளிப்பையில் வைத்தால் உறைந்துவிடும். வெளியிலிருந்து பங்கருக்குள் வந்ததும் சோதிக்காதீர்கள். மீட்டரும் ஸ்ட்ரிப்பும் அறையின் வெப்பத்துக்கு வர 20 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் விரலையும் சூடாக்கிக்கொள்ளலாம். பேட்டரி குளிரில் சோரும். இதற்குச் சி.ஆர்.2032 பட்டன் செல் இரண்டு வேண்டும். மாற்று செல் ஒரு ஜோடி அதே உட்பையில் இருக்கட்டும்.

வெயிலில் கெடுவது மீட்டர் அல்ல, ஸ்ட்ரிப். கான்டூர் ஸ்ட்ரிப்பை 0 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மற்றவையும் மேல் எல்லையாக 30ஐத்தான் சொல்கின்றன. கோடையில் நிறுத்தி வைத்த ஜீப்பின் டாஷ்போர்டு அதன் இரு மடங்குக்குப் போகும். ஒரு மதியம் அங்கே கிடந்த டப்பாவை நம்ப முடியாது. அந்த ஸ்ட்ரிப் பிழைக்குறி எதுவும் காட்டாமல், தவறான எண்ணைச் சாதாரணமாகக் காட்டும் என்பதுதான் ஆபத்து. சந்தேகம் வந்தால், குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவமான கன்ட்ரோல் சொல்யூஷனை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் எண் வர வேண்டும். இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பாலைவனப் பணிக்கு ஸ்ட்ரிப்பை மண்பானை ஓரத்தில், ஈரம் புகாத டப்பாவுக்குள் வைப்பது நடைமுறையில் சரிவரும். ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடியைப் போட்டுவிட வேண்டும். மூடிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொருள்தான் ஸ்ட்ரிப்பின் ஆயுள். பத்துப் பத்தாகப் பிரித்துப் பாலித்தீன் உறையில் போட்டு எடுத்துப் போவதைப் பலர் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பத்தும் வீண்.

விரலில் குத்தும் முறை சிறு விஷயமாகத் தோன்றும். பெரும்பாலான தவறான எண்கள் பிறப்பது இங்கேதான். ரோந்தில் சோர்வு வந்தால் குளுக்கோஸ் பொடியைக் கையில் கொட்டி வாயில் போட்டுக்கொள்வது வழக்கம். அந்தப் பொடி ஒட்டிய விரலில் குத்தினால் 110 இருக்க வேண்டியவருக்கு 300 காட்டும். அதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டினால் உயிருக்கே ஆபத்து. சோப்பும் வெதுவெதுப்பான நீரும் முதல் வழி. தண்ணீர் இல்லாத இடத்தில், முதல் துளியைச் சுத்தமான பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள். சானிடைசர் போட்டால் அது முழுக்க உலர வேண்டும். ஈரம் கலந்தால் அளவு மாறும். விரலின் நடுச்சதையில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். துப்பாக்கியின் விசையில் வைக்கும் ஆள்காட்டி விரலை விட்டுவிடுங்கள். இன்னொரு கையின் மோதிர விரலும் நடுவிரலும் போதும். கயிறும் மண்வெட்டியும் பிடித்துத் தடித்த தோலுக்கு, விரலைக் குத்தும் லான்சிங் கருவியின் ஆழத்தை 4 அல்லது 5இல் வைக்கலாம். ஒருவர் பயன்படுத்திய லான்செட் ஊசியை மற்றவர் தொடவே கூடாது. பாரக்கில் லான்சிங் பேனாவையும் பகிரக் கூடாது. ரத்தம் வழியே பரவும் மஞ்சள் காமாலைக்கு இதைவிட எளிய வழி இல்லை.

சரி, யார் எவ்வளவு சோதிப்பது? சர்க்கரை நோய் உறுதியானால் மெடிக்கல் போர்டு உட்காரும். படையின் உடல்தகுதித் தரமான 'ஷேப்' மதிப்பீட்டில் உடல் நலத்துக்கான எண் மாறும். எங்கே பணியாற்றலாம் என்பதையும் போர்டே முடிவு செய்யும். முந்தைய நிலையில் இருப்பவர் பெரும்பாலும் வழக்கமான பணியிலேயே இருப்பார். அவருக்கு யாரும் மீட்டர் தருவதில்லை. அவர் தானாக வாங்க வேண்டும். வாங்க வேண்டியவரும் அவர்தான். இந்த நிலையைத் திருப்ப முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், உணவும் நடையும் மாறியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது.

50 ஸ்ட்ரிப் கொண்ட ஒரு பெட்டியை இப்படிச் செலவிடலாம். வாரத்தில் ஒரு நாள், இரண்டு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வாரத்துக்கு நான்கு, 12 வாரத்துக்கு 48. மீதி இரண்டு கன்ட்ரோல் சொல்யூஷனுக்கு. ஹெச்பிஏ1சி கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்வது. பெட்டி தீரும்போது அந்தச் சோதனையும் எடுக்கலாம். ஸ்ட்ரிப் ஒன்று சுமார் 20 ரூபாய் என்று கொண்டால் மூன்று மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்ப்பவர் இதைவிட அதிகம் செலவழித்தும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அந்த எண் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

இரண்டு எண்ணுக்கும் இடையே 50, 60க்கு மேல் ஏறினாலோ, இரண்டாவது எண் 140ஐத் தாண்டினாலோ அந்தத் தட்டைப் பாருங்கள். லங்கரில் (படையின் சமையற்கூடம்) ஞாயிறு காலைப் பூரி அல்வாவையும், சாதாரண நாளின் ரொட்டி பருப்பையும் இப்படி ஒப்பிட்டால் சொல்லித்தர ஆளே வேண்டாம். தென்னிந்திய வீரர்கள் சோற்றின் அளவைப் பாதியாக்கி, அதே தட்டில் பருப்பும் முட்டையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் எண்ணிலேயே தெரியும். சாப்பிட்டு 15 நிமிடம் நடந்த நாளையும், உடனே கட்டிலில் சாய்ந்த நாளையும் தனித்தனியே குறியுங்கள். இரவுக் காவல் முடிந்து எடுக்கும் காலை எண்ணைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். தூக்கம் கெட்டால் சர்க்கரை ஏறும். விடியற்காலை மூன்று மணிக்குக் குடித்த கண்டென்ஸ்டு மில்க் டீயோடு அது 'வெறும் வயிறு' கணக்கிலும் வராது. எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கியிருக்கக் கூடாது.

ஆண்டு மருத்துவப் பரிசோதனைக்கு முந்திய மூன்று நாள் சோற்றை நிறுத்தி, மைதானத்தை நாலு சுற்றுக் கூடுதலாக ஓடி எண்ணை இறக்குபவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்று எண் கொஞ்சம் இறங்கும், ஹெச்பிஏ1சி அசையாது. இதில் ஏமாறுபவர் அவர் மட்டுமே. கண்ணும் சிறுநீரகமும் கெட்ட பிறகு தெரிய வருவதைவிட, இன்னும் திருப்பக்கூடிய நிலையில் தெரிவது எவ்வளவோ மேல். ஹெச்பிஏ1சியும் சில நேரம் பிசகும். உயரத்தில் புதுச் சிவப்பணு பெருகும் வாரங்களில் குறைவாகக் காட்டலாம்; இரும்புச்சத்துக் குறைந்தவருக்குக் கூடுதலாகக் காட்டும். மேலிருந்து இறங்கி மூன்று மாதம் கழித்து எடுப்பது நல்லது.

மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மலை நோய்க்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் சர்க்கரையைத் தூக்கும். மதியத்துக்கு மேல்தான் அது தெரியும் என்பதால் காலை எண்ணை வைத்து நிம்மதி கொள்ள வேண்டாம். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு நீண்ட நடை நாளில் சர்க்கரை சரியலாம். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது அதே அளவு குளுக்கோஸ் பொடி, 15 நிமிடம் கழித்து மறு சோதனை. 54க்குக் கீழே என்றால் தோழர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நடுக்கமும் வியர்வையும் இருந்து மீட்டர் 95 என்று காட்டினால், அந்தக் குளிரில் மீட்டரை நம்பாதீர்கள். இனிப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு சோதியுங்கள்.

லிப்ரே சென்சாரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மேல்கையின் பின்புறம் ஒட்டினால் 14 நாள் சர்க்கரையைத் தொடர்ந்து பதிவு செய்யும். எல்லையை விட்டு விலகிய அமைதி நிலையத்தில் இருக்கும்போது, முந்தைய நிலையில் உள்ளவர் ஆண்டுக்கு ஒரு முறை ஒட்டிப் பார்த்தால் குத்திக் குத்திப் பார்ப்பதில் தெரியாத இரவு நேர ஏற்ற இறக்கமெல்லாம் கோடாகத் தெரியும். விலை சென்சார் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வரும். எல்லைகள் 3,048 மீட்டர், 10 முதல் 45 டிகிரி, லேக்கு ஆகாது. துப்பாக்கி வார் எந்தத் தோளில் விழுகிறதோ அதற்கு எதிர்க்கையில் ஒட்டுங்கள். பிட்டு எனும் முதுகுப்பையின் வார் உராய்ந்து சென்சார் பெயர்ந்து வருவது சாதாரணம். அந்தக் கைப்பக்கம் படுத்தால் அழுத்தத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, நள்ளிரவில் 55 என்று பொய்யான சரிவு பதிவாகும். வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுத்தால் கூடுதலாகக் காட்டும். ஓட்டத்தின் நடுவே அது காட்டும் எண் ரத்தத்தைவிட 5 முதல் 10 நிமிடம் பின்தங்கியது. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கழற்றிவிட வேண்டும். கழற்றியதை மறுபடி ஒட்ட முடியாது.

வாங்கும்போது மீட்டரின் விலையைப் பார்க்காமல் ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியைப் பாருங்கள். தள்ளுபடியில் வரும் பெட்டிகள் பல நேரம் மூன்று, நான்கு மாதத்தில் காலாவதியாகிவிடும். பனி மூடிச் சாலை அடைபடும் முன் மேலே போகிறவர், குளிர்காலம் முழுவதற்கும் வேண்டியதை ஒரே தொகுதி எண்ணில் வாங்கிக்கொள்வது நல்லது. கிளம்பும் முன் ராணுவ மருத்துவமனை ஆய்வகத்தில் வெறும் வயிற்று ரத்தம் கொடுத்த 15 நிமிடத்துக்குள் சொந்த மீட்டரிலும் ஒரு முறை குத்திப் பார்த்து, வித்தியாசத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு இப்படி ஒப்பிட வேண்டாம். அப்போது விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை ஆய்வகம் எடுக்கும் சிரை ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.